பையின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: சிங்கப்பூரில் செல்ல நாய்க்கு உணவு தேர்ந்தெடுக்கும் முறை

செல்லப்பிராணிக் கடையில் உலர் உணவுப் பைகள் அடுக்கியிருக்கும் வரிசை முன் நின்றால், கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பையின் முன்பக்கம்தான். கொழுகொழு கோழித்துண்டு, பச்சைக் காய்கறி, ஓடும் நாய், "பிரீமியம்", "ஹோலிஸ்டிக்" என்ற பெரிய எழுத்துகள். இந்தச் சொற்களை யாரும் எந்தத் தீனிக்கும் போட்டுக்கொள்ளலாம். சட்டப்படி இவற்றுக்கு வரையறை கிடையாது. நாய்க்குத் தேவையான தகவல் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது, படித்ததை எப்படிக் கிராம் கணக்காக மாற்றுவது, வாங்கிய தீனி நம் ஊர் வெக்கையில் கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதே இந்த வழிகாட்டி. கெடாமல் வைப்பதில்தான் இங்கே நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். விலை உயர்ந்த தீனி மூன்றே வாரத்தில் காறிப்போய், நாய் முகர்ந்துவிட்டு ஒதுங்கும்போது, "பிடிவாதம் பிடிக்கிறது" என்று நாயின் மேல் பழி போடுகிறோம்.

கடைக்குப் போகும் முன்

நாயின் வயது, இன்றைய எடை, கருத்தடை ஆகிவிட்டதா, ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்ற நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீரகம், கல்லீரல், கணையம், சிறுநீர்க்கல், சர்க்கரை என்று ஏதாவது பிரச்சினை இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அந்த நாய்களுக்கு உணவே மருந்து. கடையில் பார்த்து வாங்கக்கூடியது அல்ல.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அனுமதிக்கப்படும் இனங்கள் பெரும்பாலும் சிறியவை: ஷீட்ஸு, மால்டீஸ், பொமரேனியன், டாய் பூடில், மினியேச்சர் ஷ்னாவுசர் போன்றவை. உடல் சிறியது என்பதால் இவற்றுக்குத் தவறும் சீக்கிரம் காட்டிவிடும். தினமும் தீனி 20 கிராம் கூடினால் 30 கிலோ நாயிடம் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 4 கிலோ நாய் சில மாதங்களில் உருண்டைபோல் ஆகிவிடும்.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டிய வாசகம்

"கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்" அல்லது வெறுமனே "கம்ப்ளீட்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வேறெதுவும் சேர்க்காமல் இதை மட்டுமே தின்று நாய் வாழலாம் என்று பொருள். அருகில் ஆஃப்கோ அல்லது ஃபெடியாஃப் என்ற பெயர் இருக்கும். முன்னது அமெரிக்காவில் தீனி அதிகாரிகளின் சங்கம், பின்னது ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு. இரண்டுமே ஊட்டச்சத்து அளவுகளை வகுத்துத் தருகின்றன. ஆஃப்கோ எந்தத் தீனியையும் தானே சோதிப்பதோ அங்கீகரிப்பதோ இல்லை. "ஆஃப்கோ அப்ரூவ்ட்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"காம்ப்ளிமென்டரி" அல்லது "இன்டர்மிட்டன்ட் ஆர் சப்ளிமென்டல் ஃபீடிங்" என்று போட்டிருந்தால் அது தொடுகறி மாதிரி. கோழிச் சதையைப் பிய்த்து ஜெல்லியில் போட்டு, பார்க்கவே ஆசையாக இருக்கும் சின்ன டின்களில் பல இந்த வகை. நாய் நக்கி நக்கித் தின்னும். ஆனால் அதை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும் துத்தநாகமும் வைட்டமின்களும் குறைந்துபோகும்.

அடுத்து, எந்தப் பருவத்துக்கான தீனி என்று பாருங்கள். "அடல்ட் மெயின்டனன்ஸ்" வளர்ந்த நாய்க்கு. "குரோத்" குட்டிக்கு. "ஆல் லைஃப் ஸ்டேஜஸ்" என்றால் குட்டிக்கான அளவுகளையும் எட்டியது. வளர்ந்த நாய்க்கும் கொடுக்கலாம், ஆனால் பெரும்பாலும் கலோரி கூடுதலாக இருக்கும், எடையில் கண் வையுங்கள். ஆஃப்கோ அளவுப்படி, நீரை நீக்கிய எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும், குட்டிக்கு 22.5 சதவீதம். வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டக்கூடிய இனத்துக் குட்டி என்றால், பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினால் எலும்பு கோணலாக வளரும். "எலும்பு உறுதியாகட்டும்" என்று கால்சியம் மாத்திரை கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

பொருள்பட்டியலில் ஏமாறும் இடங்கள்

பொருள்கள் எடை வரிசையில் இருக்கும், அதுவும் சமைப்பதற்கு முந்தைய எடை. முதலில் "சிக்கன்" என்று இருந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர். "சிக்கன் மீல்" என்பது நீரும் கொழுப்பும் நீக்கிய தூள். எடைக்கு எடை அதில்தான் புரதம் அதிகம். ஆகவே "மீல்" என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. "பை-ப்ராடக்ட்" என்பதும் பெரும்பாலும் ஈரல், நுரையீரல், மண்ணீரல் போன்ற உள்ளுறுப்புகள்தான். ஆட்டுக்குடலும் ஈரலும் வாங்கத் தேக்கா சந்தையில் வரிசையில் நிற்கும் நமக்கு அதில் அருவருப்பு எதற்கு?

பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று ஒரே பொருளை மூன்றாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். சேர்த்துக் கூட்டினால் அதுதான் முதலிடத்தில் நிற்கும். "கிரெய்ன்-ஃப்ரீ" தீனிகளில் இது வழக்கம். பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு மிகுந்த தீனிக்கும் நாயின் இதயத் தசை வீங்கித் தளரும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியது. இதுதான் காரணம் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. அதற்காகச் சந்தேகம் முழுதாக நீங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. நாய்க்குத் தானியம் ஒவ்வாது என்று மருத்துவர் சொல்லாதபோது தானியம் இல்லாத தீனியைத் தேடிப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அரிசியும் ஓட்ஸும் நாய்க்குப் பகை இல்லை.

டின் உணவில் 8 சதவீதப் புரதம், உலர் உணவில் 26 சதவீதம் என்று பார்த்ததும் டின்னை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டையும் நீரை நீக்கித்தான் ஒப்பிட வேண்டும். டின்னில் ஈரப்பதம் 78 சதவீதம் என்றால் மிச்சம் 22. எட்டை இருபத்திரண்டால் வகுத்து நூறால் பெருக்கினால் 36 சதவீதம். உலர் உணவில் ஈரப்பதம் 10. இருபத்தாறைத் தொண்ணூறால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 29 சதவீதம். இந்தக் கணக்கில் டின்தான் முந்துகிறது.

கடைசியாக, தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். மின்னஞ்சல் போதும். விலங்கு ஊட்டச்சத்தில் தகுதி பெற்றவர் யார் வேலை செய்கிறார்? எங்கே தயாராகிறது? முடிந்த தீனியை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறீர்களா? நூறு கிராமுக்கு எத்தனை கிலோகலோரி? உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலிலும் இதுபோன்ற கேள்விகள் உண்டு. நல்ல நிறுவனம் நேராகப் பதில் சொல்லும். சுற்றி வளைத்தால் அடுத்த பையைப் பாருங்கள்.

எத்தனை கிராம்?

பையில் உள்ள அட்டவணை பொதுவாக நன்றாக ஓடியாடும் நாய்க்குப் போட்டது. காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் புளோக்கைச் சுற்றி ஒரு நடை, மிச்ச நேரம் குளிர்ந்த தரையில் படுக்கை என்று இருக்கும் நாய்க்கு அது கூடுதல். நாமே கணக்குப் போடலாம். கைபேசியின் கணக்கி போதும்.

8 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த ஷீட்ஸு என்று வைத்துக்கொள்வோம். எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 8 × 8 × 8 = 512. வர்க்கமூலக் குறியை இரண்டு முறை தட்டுங்கள்: 22.6, பிறகு 4.76. இதை 70-ஆல் பெருக்கினால் 333. நாய் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு இத்தனை கிலோகலோரி வேண்டும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு வழக்கமாக இதை 1.6-ஆல் பெருக்குவார்கள். அடுக்குமாடி வீட்டில் அதிகம் ஓடாத நாய்க்கு 1.4-இல் தொடங்குவது நல்லது: சுமார் 466. எடை ஏற்கெனவே கூடியிருந்தால் இன்றைய எடையை விட்டுவிட்டு, மருத்துவர் சொல்லும் சரியான எடையை வைத்துக் கணக்கிடுங்கள்.

இதில் பத்தில் ஒரு பங்கைத் தின்பண்டத்துக்கு ஒதுக்கினால், தீனிக்கு மிஞ்சுவது 420. தீனியில் 100 கிராமுக்கு 360 கிலோகலோரி என்றால், ஒரு நாளைக்கு 117 கிராம். தின்பண்டத்துக்கு ஒதுக்கிய 46 என்பது எவ்வளவு சின்னது தெரியுமா? ஒரு மாரி பிஸ்கட் ஏறக்குறைய 25 கிலோகலோரி. தாத்தா தேநீர் குடிக்கும்போது இரண்டு பிஸ்கட் கொடுத்தாலே அன்றைய கணக்கு முடிந்தது.

கோப்பையால் அளக்காதீர்கள். ஒரே கோப்பையை ஒருவர் தலைதட்டி அளப்பார், இன்னொருவர் குவித்து அளப்பார். மாவு நிறுக்கும் சமையலறைத் தராசு போதும். வீட்டில் பாட்டி, பணிப்பெண், பள்ளியிலிருந்து வரும் பிள்ளை என்று மூன்று பேர் தீனி வைக்கும் குடும்பங்களில் நாய் இரண்டு தரம் சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தது போல் முகம் காட்டும். காலையிலேயே அன்றைய 117 கிராமையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைய சாப்பாடு முடிந்தது.

வளர்ந்த நாய்க்கு நாளுக்கு இரண்டு வேளை. நான்கு மாதம் வரை குட்டிக்கு மூன்று அல்லது நான்கு வேளை. மிகச் சிறிய இனக் குட்டிகள் நீண்ட நேரம் வெறும் வயிற்றில் இருந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கி நடுங்கிச் சோர்ந்துவிடும்.

விலையையும் இந்தக் கணக்கிலேயே பாருங்கள். 2 கிலோ பை ஒன்று 36 வெள்ளி, 100 கிராமுக்கு 340 கிலோகலோரி. இன்னொன்று 44 வெள்ளி, 420 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 460 கிலோகலோரி வேண்டுமென்றால் முதல் தீனியில் 135 கிராம், இரண்டாவதில் 110 கிராம். இரண்டுக்கும் ஆகும் செலவு நாளுக்கு ஏறக்குறைய 2 வெள்ளி 40 காசுதான்.

நம் வீட்டுச் சமையலும் நாயும்

நாம் சாப்பிடும்போது காலடியில் உட்கார்ந்து பார்க்கும் நாய்க்கு ஒரு கவளம் கொடுக்காமல் இருக்க மனம் வராது. அது அன்புதான். ஆனால் நம் சமையலின் அடிப்படைப் பொருள்கள் சில நாய்க்கு நஞ்சு, இதில் சலுகை கிடையாது.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. சாம்பாரிலிருந்து சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் சாறு குழம்பில் இறங்கித்தானே இருக்கிறது? பாதிப்பு உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளிறி, சிறுநீர் கருத்து, நாய் துவண்டு கிடக்கும். கடையில் வாங்கும் கோழிச்சோற்றின் சோறும் பூண்டும் கோழிக்கொழுப்பும் போட்டு வெந்ததுதான்.

திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். கேசரி, பாயசம், பொங்கல் என்று நெய்யில் வறுத்துப் போடுகிறோமே, அதே உலர்திராட்சை. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. அந்த அமிலம் புளியில் ஏராளம். புளி தின்ற நாய்க்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதை 2022-இல் வந்த கால்நடை மருத்துவக் கட்டுரை ஒன்று பதிவு செய்திருக்கிறது. ஆகவே ரசம், புளிக்குழம்பு, புளிச்சோறு எதுவும் வேண்டாம். புளி உருண்டையை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சாக்லேட், மது, மெக்கடேமியாக் கொட்டை, சர்க்கரையில்லா மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சேர்க்கும் சைலிடால் ஆகியவையும் நஞ்சு. வெந்த எலும்பு எதுவானாலும் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்; ஆட்டுக்கறிக் குழம்பு எலும்பு நேராகக் குப்பைக்குப் போகட்டும். டுரியான் கொட்டை குடலை அடைத்துக்கொள்ளும். தீபாவளி வாரத்தில் முறுக்கு, அதிரசம், நெய்ப்பலகாரம் என்று விருந்தாளிகள் ஆளுக்கொரு துண்டு கொடுக்கும்போது, அந்தக் கொழுப்புக் கணையத்தை அழற்சிக்கு ஆளாக்கலாம். மினியேச்சர் ஷ்னாவுசர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த இனத்துக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

நஞ்சு என்று தெரிந்த ஒன்றைத் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் அவருக்கு வேண்டும். நீங்களாக உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

கொடுக்கக்கூடியவை: உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழி, மீன் முள் இல்லாமல், முட்டை, கேரட், பூசணி, பச்சைப் பயறு சிறிதளவு, வெறும் சோறு. தயிர் ஒரு கரண்டி பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். எல்லாம் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள். ஈரல் நாய்க்கு உயிர், ஆனால் தினமும் தாராளமாகக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் தேங்கிவிடும்.

"நாங்களே சமைத்துக் கொடுக்கிறோம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2013-இல் நூல்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. கோழியும் சோறும் வயிற்றுப்போக்கு நேரத்தில் இரண்டு மூன்று நாளுக்குச் சரி; அதுவே வாழ்நாள் உணவானால் கால்சியமே போதாது. வீட்டில்தான் சமைப்பது என்று முடிவு செய்தால், கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் உங்கள் நாய்க்கென்று ஒரு குறிப்பு வாங்கி, அதில் சொன்ன சத்துத்தூளை ஒரு நாளும் விடாமல் சேருங்கள்.

சைவக் குடும்பங்களுக்கும் இதே பதில். தயிர்ச்சோறும் பருப்புச்சோறும் நாய்க்கு முழு உணவாகாது. வீட்டுக்குள் இறைச்சி வரக்கூடாது என்றால், முழுச்சத்து என்று பின்பக்கத்தில் எழுதிய சைவத் தீனிகள் இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டு, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையோடு கொடுக்கலாம். புரட்டாசிக்கு மட்டும் நாயையும் சைவமாக்கி, ஐப்பசி பிறந்ததும் திடீரென்று பழைய தீனிக்கு மாற்றினால் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வரும். விரதம் நமக்கு, நாய் அதன் தீனியைத் தின்னட்டும்.

பச்சை இறைச்சித் தீனியும் இங்கே விற்கிறார்கள். சால்மொனெல்லா, லிஸ்டீரியா கிருமிகள் உறைகுளிரில் சாவதில்லை. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வெக்கை, ஈரம், எறும்பு

உலர் தீனியை 27 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். நம் ஊரில் பகலில் குளிரூட்டி ஓடாத அறை பெரும்பாலும் அந்த அளவுக்கு இறங்காது. தீனி உருண்டைகளின் மேல் கொழுப்பு தெளித்திருப்பார்கள். வெப்பமும் காற்றும் பட்டால் அது காறிப்போகும். ஈரம் ஏறினால் பூஞ்சணம்.

அதனால் சிங்கப்பூரில் பெரிய பை மலிவு என்பது பொய்க்கணக்கு. நான்கு வாரத்தில் தீரும் அளவுக்கு வாங்குங்கள். 117 கிராம் தின்னும் நாய்க்கு 2 கிலோ பை 17 நாளும், 3 கிலோ பை 25 நாளும் வரும். 12 கிலோ பை மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும்.

தீனியைப் பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். பையின் உள்பூச்சு கொழுப்பையும் காற்றையும் தடுப்பதற்கென்றே போட்டது. நேராகப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினால் அதன் சுவரில் எண்ணெய் படிந்து, காறி, அடுத்து கொட்டும் புதுத்தீனியையும் கெடுக்கும். பையின் வாயை மடித்து, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கவ்வி போட்டு, இறுக மூடும் டப்பாவுக்குள் இறக்கி, அடுப்புக்கும் வெயில்படும் சன்னலுக்கும் தூரமாக வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

பையைத் திறந்த அன்றே ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். நல்ல தீனியில் வறுத்த கோழி அல்லது மீன் வாடை மெலிதாக வரும். பழைய பொரித்த எண்ணெய், மெழுகுச்சாயப் பென்சில் மாதிரி வாடை வந்தால் காறிவிட்டது. விரலால் உடைத்தால் பட்டென்று உடைய வேண்டும். நமுத்துப்போய் வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. இரண்டு நிலையிலும் தூக்கிப் போடுங்கள். ஜோகூரில் வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்துக் கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் வெந்து வரும் பையும் இந்த நிலைக்குத்தான் வரும். தவிர, இறைச்சி சேர்ந்த தீனியை எல்லை தாண்டிக் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவின் விதிகளைப் பாருங்கள்.

டின்னைத் திறந்தால் மிச்சத்தை மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள். கிண்ணத்தில் போட்ட ஈர உணவை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். எறும்புக்கு, கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் நம் பாட்டிகால உத்தி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு வேளையும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். தேங்கினால் ஏடிஸ் கொசு.

புதுத் தீனிக்கு மாற்றுதல்

முதல் இரண்டு மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாளுக்குள் முழுதும். மலம் இளகினால் முந்தைய அளவுக்கே திரும்பி இரண்டு நாள் நிறுத்துங்கள். மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, அல்லது குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் காத்திருக்க வேண்டாம். நாய் சொறிந்தால் உடனே தீனிமேல் சந்தேகப்படாதீர்கள். நம் ஊரில் உண்ணி, தெள்ளுப்பூச்சி, ஈரத்தால் தோலில் வரும் பூஞ்சைத் தொற்று ஆகியவையே முதலில் பார்க்க வேண்டியவை. தீனி ஒவ்வாமையா என்று உறுதி செய்ய, மருத்துவர் சொல்லும் ஒரே தீனியை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சரியான தீனியா என்று நாயின் உடம்பே சொல்லும்

உங்கள் கையைத் தட்டையாக நீட்டி, மறு கை விரலால் புறங்கையின் விரல் கணுக்களைத் தடவுங்கள். நாயின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட வேண்டும். கையை முட்டியாக மடக்கித் தடவும்போது துருத்தும் கணுபோல இருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் எலும்பே தெரியாவிட்டால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னே இடுப்பு ஒடுங்க வேண்டும். ஷீட்ஸு, பொமரேனியன்களுக்கு முடி எல்லாவற்றையும் மறைத்துவிடும். கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். எடை விலகினால் தீனியைப் பத்து சதவீதம் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். 117 கிராம் என்றால் 12 கிராம். அடுத்த இரண்டு வாரம் அதையே பிடியுங்கள். மலம் கெட்டியாக, தரையில் ஒட்டாமல் எடுக்க வர வேண்டும். முடியின் பளபளப்பும் தோலும் தெளிய ஆறிலிருந்து எட்டு வாரமாகும். அதற்குள் தீனியை மாற்றிக்கொண்டே இருந்தால் எது ஒத்துக்கொண்டது என்றே தெரியாமல் போகும்.

ஒவ்வொரு புதுப் பையைத் திறக்கும்போதும் காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் மெலமைன் கலந்த கோதுமைப் புரதத்தால் வட அமெரிக்காவில் செல்லப்பிராணித் தீனிகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டபோது, பையை எறிந்துவிட்டவர்களால் தங்கள் நாய் தின்றது அந்தத் தொகுதியா என்று சரிபார்க்க வழியில்லை. நாய் திடீரென்று வாந்தி எடுத்து மருத்துவமனைக்கு ஓடும் இரவிலும் அந்தப் படத்தைத்தான் மருத்துவரிடம் காட்டப்போகிறீர்கள்.